ஹுவே நகரில் ஒரு பகற்பொழுது



தமிழகத்திற்கு வெளியே, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் குடியிருக்கும் நம்மில் பலருக்குப் பழைய தலைநகரங்கள் புதியவை அல்ல. டில்லியில் இருப்பவர் அலுவலகம் போகும் வழியிலேயே இரண்டு மூன்று அரச மரபுகளின் கோட்டைச் சுவர்களைக் கடந்து செல்கிறார். மைசூரிலும் ஐதராபாத்திலும் இருப்போர் நிலையும் அதுவே. நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை வெறுஞ் சுவர்களாகவே தோன்றுகின்றன. இருபது ஆண்டுகளாக டில்லியில் வாழும் நாங்களும் அவ்வாறே அவற்றைக் கடந்து போய்வந்தோம். 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வியட்நாம் நாட்டின் பழைய தலைநகராகிய ஹுவேயில் ஒரு பகற்பொழுதைக் கழித்த பின்னர் அந்தப் பார்வை சிறிது மாறியது. அந்த ஒரு நாளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச எண்ணுகிறோம்.

வியட்நாமியர் தங்கள் நாட்டின் வடிவத்தை, இரு முனையிலும் நெற்கூடை தொங்கும் காவடித் தண்டுக்கு ஒப்பிடுவது வழக்கம். வடக்கே செவ்வாற்றுச் சமவெளி ஒரு கூடை. தெற்கே மேகோங் சமவெளி மற்றொரு கூடை. இடையே உள்ள குறுகிய தண்டின் நடுவில், நறுமண ஆறு என்று பொருள்படும் பெயருடைய ஆற்றின் கரையில் அமைந்திருக்கிறது ஹுவே. ஒரு காலத்தில் இப்பகுதி சம்பா நாட்டைச் சேர்ந்திருந்தது. சிவபெருமானுக்குக் கோயில் எடுத்து, வடமொழியிலும் தங்கள் சாம் மொழியிலும் கல்வெட்டுப் பொறித்தவர்கள் அந்நாட்டு மன்னர்கள். அவர்கள் கையாண்ட எழுத்து தென்னிந்திய எழுத்தின் வழி வந்தது. 1306-ஆம் ஆண்டில் சம்பா மன்னர் ஒருவர் வடக்கே இருந்த வியட்நாமிய அரசின் இளவரசியை மணந்தபோது, இங்கிருந்த இரண்டு மாகாணங்களைப் பரிசமாகக் கொடுத்தார். பின்னர் நுயென் மரபினர் இங்கே தலையெடுத்தனர். 1802-இல் அம்மரபின் ஜியா லோங் நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து ஹுவேயைத் தலைநகராக்கினார். 1945 வரை பதின்மூன்று பேரரசர்கள் இங்கு வீற்றிருந்தனர். அவர்களுள் பிற்காலத்தவர்கள் பிரெஞ்சு ஆதிக்கத்திற்கு உட்பட்டே இருந்தனர்.

காலை எட்டு மணிக்குச் சுற்றுலா வண்டி எங்கள் விடுதி வாயிலுக்கு வந்தது. வெவ்வேறு நாட்டினராகப் பதினான்கு பேர் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் நாங்கள் இருவரும், பதினான்கு வயது நிரம்பிய மகளும். வழிகாட்டியாக வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. ஹுவேயிலேயே பிறந்து வளர்ந்தவர். வண்டி புறப்பட்டதும் அவர் ஒவ்வொருவரிடமும் வயதைக் கேட்டார். வெள்ளைக்காரப் பயணிகள் சற்றுத் திகைத்தனர். அவர் சிரித்துக்கொண்டே காரணம் சொன்னார்: வியட்நாமிய மொழியில் ஒருவரை அழைப்பதற்கு உறவுமுறைப் பெயர்களே வழங்குகின்றனவாம். எதிரே இருப்பவர் தம்மைவிட மூத்தவரா இளையவரா என்பது தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காகத் தொடங்க முடியாதாம். முன்பின் அறியாதவரையும் அண்ணன் என்றும் அக்காள் என்றும் சித்தப்பா என்றும் அழைக்கும் நமக்கு இதில் வியப்பு ஏது? எங்கள் மகள் அப்போதே அவரை ‘அக்கா’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள். அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டறிந்த வழிகாட்டியும் மகிழ்ந்து, மாலை வரை அவளைத் தங்கை என்றே தம் மொழியில் அழைத்து வந்தார்.

முதலில் கோட்டை. ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலும், அதனைச் சூழ்ந்த அகழியும், பத்து வாயில்களும் கொண்டது அது. பணி 1805 அளவில் தொடங்கி, அடுத்த பேரரசரான மின் மாங் காலத்தில் 1832-இல் நிறைவெய்தியது. பீரங்கிக் குண்டுகளைத் தாங்கும் பொருட்டு முனைகள் வெளியே நீண்டிருக்கும் அமைப்பு, வோபான் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளரின் முறையைத் தழுவியது. ஆனால் எந்தத் திசையை நோக்கிக் கட்டுவது, எந்த மலையை முன்னே நிறுத்துவது என்பவற்றை முடிவு செய்தது கீழ்த்திசை மனையடி நூல். தெற்கே தெரியும் நிகு பின் குன்று திரைச்சீலை போல் நின்று தீயவற்றைத் தடுக்கிறதாம். ஆற்றின் நடுவே உள்ள இரண்டு திட்டுகளில் ஒன்று அரணாக நிற்கும் நாகம், மற்றொன்று புலி. இவ்வாறு மேலைநாட்டுக் கணக்கும் கீழைநாட்டு நம்பிக்கையும் ஒரே மதிலில் சேர்ந்திருக்கின்றன.

மதிலை அடுத்து ஒன்பது வெண்கலப் பீரங்கிகள் இருக்கின்றன. ஜியா லோங் தாம் வென்ற தாய் சோன் மரபினரின் வெண்கலப் பொருள்களை உருக்கி வார்த்தவை இவை. நான்கிற்கு நான்கு பருவங்களின் பெயரும், ஐந்திற்கு ஐம்பூதங்களின் பெயரும் சூட்டப்பட்டுள்ளன. ஐம்பூதம் என்றால் அவர்கள் கணக்கில் உலோகம், மரம், நீர், தீ, மண். இப்பீரங்கிகள் ஒருபோதும் போரில் வெடித்ததில்லை. நகரைக் காக்கும் தெய்வங்களாகவே மதிக்கப்பட்டன.

கோட்டைக்குள் இன்னொரு கோட்டை போல் இருப்பது அரசவை வளாகம். அதன் முகப்பு வாயிலுக்கு நண்பகல் வாயில் என்று பெயர். 1833-இல் மின் மாங் கட்டியது. ஐந்து வழிகள் கொண்டது. நடுவழி பேரரசருக்கு மட்டும். அதன் இரு மருங்கும் அமைச்சர்க்கும் படைத்தலைவர்க்கும். கடைசி இரண்டும் படைவீரர், யானை, குதிரை ஆகியவற்றுக்கு. மேலே உள்ள மண்டபத்தின் நடுக்கூரையில் மஞ்சள் ஓடும், பக்கக் கூரைகளில் பச்சை ஓடும் வேய்ந்திருக்கிறார்கள். மஞ்சள் நிறம் பேரரசருக்கே உரியது. இந்த வாயிலின் மேல்தான், 1945 ஆகஸ்டு 30 அன்று, கடைசிப் பேரரசரான பாவோ டாய் முடிதுறந்து, அரச முத்திரையையும் உடைவாளையும் புதிய அரசின் பேராளர்களிடம் ஒப்படைத்தார். நூற்று நாற்பத்து மூன்று ஆண்டு ஆட்சி ஒரு பிற்பகலில் முடிந்தது. நாங்கள் நுழைந்தது பக்கவழியில். நடுவழியில் இன்றும் குறுக்கே தடுப்பு வைத்திருக்கிறார்கள்.

உள்ளே சென்றதும் எதிரே தெரிவது அரியணை மண்டபம். எண்பது தூண்கள், செவ்வரக்குப் பூச்சின்மேல் பொன்னிற நாகங்கள் சுற்றி ஏறுகின்றன. மூன்று ஆண்டுகள் நடைபெற்ற திருப்பணிக்குப் பின் 2024 நவம்பரில் இதனை மீண்டும் திறந்திருந்தனர். அரக்கின் பளபளப்புக் குறையாமல் இருந்தது. அரியணையை எட்ட நின்றே காண முடிந்தது. நாங்கள் ஊர் திரும்பி இரண்டு மாதங்களில், மே 24-ஆம் நாள், ஒருவர் தடுப்பைத் தாண்டிச் சென்று அவ்வரியணையின் கைப்பிடியை உடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடைந்ததை ஒட்டவைக்க வல்லுநர் இருக்கிறார்கள்.

ஆனால் எங்களை அம்மண்டபத்தில் நிறுத்தி வைத்தது அரியணை அன்று. கூரைக்கும் தூணுக்கும் இடையே உள்ள மரப்பலகைகளில் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒரு கட்டத்தில் ஓவியம். அடுத்த கட்டத்தில் சீன எழுத்தில் ஒரு கவிதை. பின்னர் மீண்டும் ஓவியம். ஹுவே அரண்மனைகளிலும் கல்லறைக் கோயில்களிலும் இவ்வாறு பொறிக்கப்பட்ட பாடல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2016-இல் ஆசிய பசிபிக் வட்டாரத்திற்கான யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம் பெற்றன. ஒரு நாட்டு அரசர்கள் தங்கள் கூரையிலேயே ஒரு நூலகத்தை எழுதி வைத்தார்கள் எனலாம்.

“அந்தப் பாட்டில் என்ன சொல்லியிருக்கிறது, அக்கா?” என்று மகள் கேட்டாள். வழிகாட்டி, நாடு அமைதியாக இருக்கிறது என்றும் விளைச்சல் நன்றாக இருக்கிறது என்றும் அவற்றில் பல கூறுவதாகப் படித்திருக்கிறேன் என்றார். “நீங்களே வாசித்துச் சொல்லுங்களேன்” என்றாள் மகள். அவர் தலையை அசைத்தார். அவரால் வாசிக்க இயலாது.

இதன் காரணத்தைச் சிறிது விளக்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக வியட்நாமில் அரசாங்கமும் கல்வியும் சீன எழுத்திலேயே நடந்தன. தாய்மொழியை எழுதுவதற்கு, சீன எழுத்தின் உறுப்புகளைக் கொண்டே நோம் என்னும் எழுத்தை அவர்கள் ஆக்கிக்கொண்டனர். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் வியட்நாமிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதத் தலைப்பட்டனர். அலெக்சாந்தர் தெ ரோத் என்பவர் தொகுத்த அகராதி 1651-இல் ரோம் நகரில் அச்சாயிற்று. நெடுங்காலம் மாதா கோயிலுக்குள் இருந்த அவ்வெழுத்து, பிரெஞ்சு ஆட்சியில் பள்ளிக்கும் செய்தித்தாளுக்கும் வந்தது. பழைய முறையில் அரசு அலுவலர்களைத் தேர்ந்தெடுத்த தேர்வு, கடைசியாக 1919-இல் இதே ஹுவேயில் நடந்தது. 1945-இல் விடுதலை அறிவித்த புதிய அரசு எழுத்தறிவு இயக்கத்தை ரோமன் எழுத்திலேயே நடத்தியது.

இதைக் குறை கூறுவதற்கில்லை. சீன எழுத்து ஆயிரக்கணக்கான உருவங்களைக் கொண்டது. அதைக் கற்றவர் ஊருக்குச் சிலரே. புதிய எழுத்தையோ உழவரும் நெசவாளரும் சில மாதங்களில் கற்றனர். எழுத்து எல்லார்க்கும் உரிமையாயிற்று. ஆனால் அதற்கு ஈடாக வேறொன்று போயிற்று. பாட்டன் எழுதியதைப் பேரன் வாசிக்க முடியாமல் ஆயிற்று.

எழுத்தின் துணையே வேண்டாத ஒன்றையும் அவ்வளாகத்திலேயே கண்டோம். முன்னோர் வழிபாட்டுக் கோயிலின் முற்றத்தில், 1835 முதல் 1837 வரை வார்க்கப்பட்ட ஒன்பது பெரிய வெண்கலக் கலசங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று கால்களும் இரண்டு காதுகளும் உடையது. பெரியது இரண்டரை டன்னுக்கு மேல் எடையுள்ளது. நாட்டின் மலைகள், ஆறுகள், கடல், படகு, புலி, மயில், நெற்கதிர், பாக்கு மரம் என்று அவற்றின் மீது புடைப்பாக வார்த்திருக்கிறார்கள். மின் மாங் தம் நாட்டை ஒன்பது பாத்திரங்களில் அடக்கி வைத்தார் என்பது பொருத்தமே. அங்கே வழிகாட்டியின் உதவி தேவைப்படவில்லை. “பலாமரம்!” என்று மகள் தமிழிலேயே கூவினாள்.

அதற்கு அப்பால், பேரரசரின் குடும்பத்தார் மட்டும் வாழ்ந்த உட்கோட்டை. ஒரு காலத்தில் மாளிகைகள் நிறைந்திருந்த அவ்விடத்தில் பெரும்பாலும் புல்வெளியே இருந்தது. 1947-இல் பிரெஞ்சுக்காரருடன் நடந்த போரின்போது எழுந்த தீயில் பல மாளிகைகள் அழிந்தன. 1968 ஜனவரி 31 அன்று வடவியட்நாம் படையினரும் தென்னாட்டுப் புரட்சிப் படையினரும் நகரைக் கைப்பற்றினர். ஏறக்குறைய ஒரு மாத காலம் அமெரிக்கப் படைகளும் தென்வியட்நாம் படைகளும் தெருத் தெருவாகவும் மதில் மதிலாகவும் போரிட்டு அதனை மீட்டன. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் மாண்டனர். பலர் சண்டையில் சிக்கியும், பலர் நகரைக் கைப்பற்றியவர்களால் கொல்லப்பட்டும் இறந்தனர். மதிலில் குண்டு துளைத்த தழும்புகள் இன்றும் உள. வழிகாட்டி அவற்றைச் சுட்டிக் காட்டினாரேயன்றி நீளமாகப் பேசவில்லை. அவர் குடும்பத்திலும் அந்த மாதத்தில் இழப்பு நேர்ந்திருந்தது என்பதை மட்டும் சொன்னார்.

புல்வெளியின் கோடியில் புதுப் பொலிவுடன் ஒரு மாளிகை நின்றது. கியென் சுங் என்னும் அம்மாளிகை 1921-க்கும் 1923-க்கும் இடையே கட்டப்பட்டு, 1947-இல் தரைமட்டமானது. எஞ்சிய அடித்தளத்தையும் பழைய புகைப்படங்களையும் கொண்டு 2019-இல் மீண்டும் எழுப்பத் தொடங்கினர். 2024-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தனர். முகப்பு முழுவதும் உடைந்த பீங்கான் துண்டுகளால் பூவும் நாகமும் இழைத்திருக்கிறார்கள். 1993-இல் ஹுவே உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது முதல் இத்தகைய பணிகள் இடைவிடாது நடந்துவருகின்றன. தச்சரும் கொத்தரும் அரக்குப் பூசுவோரும் இருக்கும் வரை சுவர் மீண்டும் எழும் என்பதற்கு அம்மாளிகையே சான்று.

பகலுணவுக்கு ஒரு சைவ உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்றனர். புத்த சமயம் வேரூன்றிய ஹுவேயில், பிறை மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் புலால் நீக்குவோர் மிகப் பலர். எனவே சைவச் சமையல் இங்கு ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. சிறு சிறு பீங்கான் கிண்ணங்களில் அரிசிமாவை ஊற்றி ஆவியில் வேகவைத்துக் கொடுத்தார்கள். உளுந்து சேராத இட்டிலி என்று சொல்லலாம். மேலே வெந்த பாசிப்பருப்புத் தூவியிருந்தது. வழக்கமாக அதன்மேல் காய்ந்த இறால் தூவுவார்களாம். சைவ நேயர்கள் அங்கு போகும்போது முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

பின்னர் படகில் ஏறி, ஆற்றின் மேற்போக்கில் தியன் மூ கோயிலை அடைந்தோம். 1601-இல் நுயென் ஹோவாங் என்ற தலைவர் நிறுவிய கோயில் அது. எட்டுப் பட்டையாக ஏழு நிலைகளுடன் ஆற்றங்கரையில் நிற்கும் அதன் கோபுரம் 1844-இல் எழுந்தது. கோயிலின் பின்புறத்துக் கொட்டகையில் நீல நிறமான ஒரு பழைய ஆஸ்டின் மோட்டார் வண்டி இருக்கிறது. 1963 ஜூன் 11 அன்று, திக் குவாங் டுக் என்னும் முதிய பிக்கு சைகோன் நகரின் நாற்சந்தி ஒன்றுக்கு அந்த வண்டியில் வந்திறங்கி, தென்வியட்நாம் அரசு பௌத்தர்களை ஒடுக்குவதை எதிர்த்துத் தம் உடலுக்குத் தீ மூட்டிக்கொண்டார். அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 8-ஆம் நாள் புத்தர் பிறந்த நாளன்று, ஹுவேயின் வானொலி நிலையத்தின் முன் மக்கள் திரண்டிருந்தனர். அன்று காலை பிக்கு ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவை ஒலிபரப்ப வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. ஒலிபரப்பவில்லை. குண்டு வெடித்தது, துப்பாக்கி சுட்டது, சிறுவர் உள்ளிட்ட சிலர் அங்கேயே மாண்டனர். ஒரு வானொலிப் பேச்சைக் கேட்க விரும்பி உயிர் நீத்தவர்களை நினைக்கும்போது, இவ்வளவு எளிதாக ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசும் எங்களுக்கு மனம் கனக்கிறது.

பிற்பகலில் வண்டி நகரின் தெற்கே பைன் மரக் காடுகளுக்கிடையே சென்றது. வழியில் தொப்பி செய்பவர்கள் இருக்கிறார்கள். பனையோலை போன்ற வெண்ணிற ஓலையை இரண்டு அடுக்காகத் தைத்துக் கூம்பு வடிவில் செய்யும் அத்தொப்பிகளில், ஓலைகளுக்கிடையே கவிதை வரி எழுதிய தாளை வைத்துத் தைத்துவிடுகிறார்கள். வெயிலுக்கு எதிரே பிடித்தால் கவிதை தெரியும். மகள் ஒன்றை வாங்கி, தூக்கிப் பிடித்து, ரோமன் எழுத்தாதலால் தடையின்றி உரக்கப் படித்தாள். ஒரு சொல்லுக்கும் பொருள் அவளுக்குத் தெரியாது. வழிகாட்டி கேட்டுச் சிரித்து, உச்சரிப்பைத் திருத்தினார். எழுத்துத் தெரிந்தும் மொழி தெரியாத நிலை அது. அதற்கு நேர்மாறான நிலையும் எங்கள் வீட்டிலேயே உண்டு என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

தூ டுக் பேரரசரின் கல்லறைத் தோட்டத்தை மூன்று மணியளவில் அடைந்தோம். 1847 முதல் 1883 வரை ஆண்டவர் அவர். நுயென் மரபில் மிக நீண்ட ஆட்சி அவருடையது. நல்ல கவிஞர். வாழும்போது இளைப்பாறவும் மறைந்தபின் துயிலவும் என்று 1864-இல் இத்தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். பத்தாயிரம் ஆண்டு நிலைப்பது என்று பொருள்பட அதற்குப் பெயர் வைத்தார். ஆனால் வேலைக்குப் பிடித்து வரப்பட்டவர்கள் பட்ட துன்பம் அளவு கடந்தது. 1866-இல் அவர்கள் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கைகளையே ஆயுதமாக ஏந்திக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஆயினும் அதன்பின் பேரரசர் பெயரை மாற்றினார். பணிவு என்று பொருள்படும் ‘கியெம்’ என்ற சொல்லை அங்குள்ள ஒவ்வொரு மண்டபத்தின் பெயரிலும், குளத்தின் பெயரிலும் சேர்த்தார். பணிவைக் கல்லில் வெட்டி வைப்பதனால் மாண்டவர் மீளப் போவதில்லை. எனினும், அஞ்சியேனும் அதைச் செய்த அரசர்கள் உலகில் சிலரே.

அங்கே ஒரு மண்டபத்தில் மிகப் பெரிய கல் ஒன்று நிற்கிறது. சுமார் 20 டன் எடை என்கிறார்கள். இருபுறமும் சீன எழுத்து. ஏறக்குறைய ஐயாயிரம் எழுத்துகள். அந்நாட்டு வழக்கப்படி மறைந்த பேரரசரின் புகழை அவருடைய மகனே எழுதிக் கல்லில் வெட்டுவிக்க வேண்டும். தூ டுக்கிற்குப் பிள்ளை இல்லை. ஆகவே அவர் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். புகழை மட்டும் எழுதவில்லை. தம் நோயையும், தம் குறைகளையும், தம் காலத்தில் தென்மாகாணங்கள் பிரெஞ்சுக்காரரிடம் போன துயரத்தையும் சொல்லிச் சென்றிருக்கிறார்.

பிள்ளையில்லாத ஒருவர், பின்வரும் பிள்ளைகளுக்கு எழுதி வைத்த நீண்ட கடிதம் என்றே அது எங்களுக்குத் தோன்றியது.

மகள் கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பு, “அக்கா, உங்கள் வீட்டில் இதை வாசிக்கத் தெரிந்தவர் யாரேனும் இருக்கிறார்களா?” என்றாள்.

வழிகாட்டி சொன்னதை இயன்றவரை அப்படியே தருகிறோம். “என் பாட்டனாரின் தந்தைக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் வைக்கும் மாடத்தின் இரு பக்கத்துத் தூண்களிலும் அவர் எழுதிய இரண்டு பலகைகள் தொங்குகின்றன. ஒன்றுக்கொன்று இணையான இரண்டு அடிகள். புத்தாண்டுக்கு முன்பு அவற்றை இறக்கித் துடைத்து மாட்டுவது என் வேலை. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு முதிய பிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். பலகைகளைப் பார்த்தவர், இடப்புறத்தில் இருக்க வேண்டியது வலப்புறத்தில் இருக்கிறதே என்றார். எத்தனை ஆண்டுகளாக மாற்றித் தொங்கவிட்டிருந்தோமோ, யாருக்கும் தெரியாது. அப்பா அன்று அழுதார்.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின் எங்கள் மகள், எவ்விதக் கள்ளமும் இன்றி, “எனக்கும் அப்படித்தான், அக்கா. தாத்தாவின் கடிதங்கள் வீட்டில் இருக்கின்றன. எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும்” என்றாள்.

நேயர்களே, நாங்கள் மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்கள். ஒரு மொழியில் வரும் சுற்றறிக்கையை மற்றொரு மொழியில் தருவதே எங்கள் தொழில். அதன் பயனையும் அறிவோம். அதன் எல்லையையும் அறிவோம். தூ டுக்கின் கல்வெட்டுக்கு இன்று மொழிபெயர்ப்புகள் உண்டு; வேண்டுவோர் படித்துக்கொள்ளலாம். அரசர்களின் எழுத்துக்கு மொழிபெயர்ப்பாளர் என்றும் கிடைப்பார். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்த பள்ளி ஆசிரியர், டில்லியில் இருந்த பிள்ளைக்கு எழுதிய நீல நிற இன்லண்டு கடிதங்களை மொழிபெயர்க்க யார் வருவார்? எங்கள் தந்தையார் காலமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் வடமொழியும் படிக்கும் பெண்ணுக்குத் தமிழ் எழுத்தைக் கோடை விடுமுறையில் கற்பிக்கலாம், அடுத்த கோடையில் கற்பிக்கலாம் என்று பத்துக் கோடைகள் போய்விட்டன. குற்றம் பள்ளியினுடையது அன்று; ஊரினுடையதும் அன்று. வியட்நாமியர் ஒரு பெரும் பயனைக் கருதி எழுத்தை மாற்றினார்கள். நாங்கள் எந்தப் பயனையும் கருதவில்லை, சோம்பியிருந்தோம்.

கடைசியாகக் காய் டின் பேரரசரின் கல்லறைக்குச் சென்றோம். 1920-இல் தொடங்கி 1931-இல் முடிந்த அது, சிமெண்டுக் கலவையால் மலைச்சரிவில் எழுப்பியது. நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். உள்ளே கண்ணாடியும் பீங்கானும் சுவரெங்கும் மின்னுகின்றன. இதன் செலவுக்காகக் குடிகள்மேல் புதிய வரி விதிக்கப்பட்டது. கைவினைத்திறனை வியவாமல் இருக்க முடியவில்லை. ஆனால் எங்கள் மனம் பழைய கல்லின் அருகிலேயே இருந்தது. ஐந்தரை மணிக்கு வண்டி எங்களை விடுதியில் இறக்கிற்று. விடைபெறும்போது வழிகாட்டி எங்கள் மகளின் தொப்பியில் தம் பெயரை எழுதிக் கொடுத்தார். மகளும் தன் பெயரைத் தமிழில் எழுதித் தர விரும்பினாள். எழுத்துகளை நாங்கள் ஒவ்வொன்றாக வரைந்து காட்ட, அவள் பார்த்து எழுதினாள். ஒரு தமிழ்ப் பெண் தன் பெயரைத் தமிழில் முதன்முதலாக எழுதியது ஹுவே நகரத்து விடுதி வாயிலில் என்பதைச் சொல்லிக்கொள்ள எங்களுக்கு வெட்கமாகவே இருக்கிறது.

டில்லி திரும்பிய வாரத்திலேயே தொடங்கினோம். இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம். அதற்கு மேல் இல்லை. பேச்சு மொழி முன்பே கைவந்திருந்ததால் எழுத்து விரைவில் பிடிபட்டது. நான்கு மாதங்கள் சென்றபின் பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை அவள் கையில் கொடுத்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெரிய செய்தி ஒன்றும் அதில் இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. கொல்லைப்புறத்துப் பலாவில் இவ்வாண்டு காய்ப்புக் குறைவு. குழந்தை பிறந்ததும் நட்சத்திரத்தை மறவாமல் எழுதவும் என்று இருந்தது. அந்தக் குழந்தை யார் என்பது அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கக்கூடும். கடிதமாக இல்லாவிட்டால் பாட்டி எழுதி வைத்த கணக்கு நோட்டாக இருக்கலாம். திருமண அழைப்பிதழாக இருக்கலாம். இன்றிரவே திறந்து பார்க்கலாம். ஹுவே நகருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், மாரிக்காலமான செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தவிர்த்துச் செல்லுங்கள். அரியணை மண்டபத்தில் சற்று அண்ணாந்து பாருங்கள்.